பம்பாய் ஹாஜி வீட்டுக் கப்பல்

எங்கள் தெருவில் பட்டப்பெயர் இல்லாத வீடே கிடையாது. திருப்பூர் வேலம்பாளையத்தில் முதன்முதலாகப் பனியன் தைக்கிற ஓவர்லாக் மிஷின் வாங்கிப் போட்டவர் வீடு ஓவர்லாக் வீடு. தெருவில் போகிற வருகிறவர்களையெல்லாம் ஒரு நாய் கடித்து வைத்ததால் இன்னொன்று கடிநாய் வீடு. நாய் செத்து எத்தனையோ வருடம் ஆகியும் பெயர் சாகவில்லை. எங்கள் வீட்டுக்குப் பெயர் பம்பாய் ஹாஜி வீடு. கூரியர்காரர் வந்து அத்தாவின் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. பம்பாய் ஹாஜி வீடு என்றால் கைக்குழந்தைகூட விரலை நீட்டிவிடும்.

கேட்பதற்குப் பெருமையான பெயர்தான். கதை தெரிந்தால்தான் வயிறு எரியும். என் தாத்தா, அதாவது அத்தாவைப் பெற்றவர், இளவயதில் ஹஜ்ஜுக்குக் கிளம்பியிருக்கிறார். அந்தக் காலத்தில் மக்காவுக்குப் போக வேண்டுமென்றால் ரயிலில் பம்பாய் போய், அங்கிருந்து கப்பல் ஏற வேண்டும். போகிறவர் ஊரில் எல்லோரையும் பார்த்து, தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழையைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார். தாத்தா ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கினார். பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி வீட்டுக்கும் போய் வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டார். ஸ்டேஷனில் மாலை போட்டு அனுப்பி வைத்தார்கள்.

பம்பாயில் கப்பலில் இடம் உறுதியாகவில்லை. காத்திருந்தால் கிடைக்கும் என்றார்கள், காத்திருந்தார். ஒரு கப்பல் போனது, அடுத்த கப்பலும் போனது, கடைசிக் கப்பலும் போய்விட்டது. போன ரயிலிலேயே திரும்பி வந்தார். திருப்பூர் ஸ்டேஷனில் இறங்கியபோது அவருடைய சேக்காளியான எதிர்வீட்டுக் கவுண்டர், “வாங்க பம்பாய் ஹாஜியாரே” என்றாராம். அவர் சும்மா சிரிப்புக்குச் சொன்னது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அதுவே எங்கள் வீட்டு விலாசமாகிவிட்டது.

அதற்குப் பிறகு தாத்தா போகவே இல்லை. அத்தைமார் கல்யாணம், வீடு, ஆஸ்பத்திரி என்று ஒன்று மாற்றி ஒன்று வந்தபடி இருந்தது. வீட்டில் யாராவது ஹஜ் என்று பேச்செடுத்தால் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். தெருவிலிருந்து யாரையாவது வழியனுப்ப வேன் பிடித்துக்கொண்டு ஊரே ஏர்போர்ட்டுக்குப் போகும். தாத்தா மட்டும் அன்றைக்குப் பார்த்து ரேஷன் கடைக்குப் போவார்.

நான் ஏழாவது முடித்த கோடை விடுமுறை. கரண்ட் வருவதும் போவதும் யாருக்கும் சொல்லிக்கொள்ளாமல் நடந்த காலம். பள்ளிவாசலை ஒட்டிய ஹாலில் பெண்பிள்ளைகளுக்கு மதரஸா வகுப்பு நடக்கும். எங்களுக்கு வாய்த்த ஆலிமா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். சின்ன வயது. எங்களை ஓதவைத்துவிட்டு மிச்ச நேரத்தில் பழங்காலத்து ஹஜ் பயணங்களைக் கதையாகச் சொல்வார். திரும்பி வருவோமோ மாட்டோமோ என்று செத்தால் போர்த்துகிற கஃபன் துணியையும் மூட்டையில் வைத்துக்கொண்டு ஆட்கள் கிளம்பிய கதை. பாய்மரக் கப்பல்கள் காற்று திரும்புவதற்காகத் துறைமுகத்தில் மாதக்கணக்கில் காத்துக் கிடந்த கதை. செங்கடலில் ஒரு தீவில் எல்லோரையும் இறக்கி, நோய் இருக்கிறதா என்று பார்த்து, துணிமணியையெல்லாம் ஆவியில் வேகவைத்துக் கொடுத்த கதை. கப்பலில் பாத்ரூம் உண்டா, வாந்தி வந்தால் எங்கே எடுப்பார்கள் என்பதைத்தான் நாங்கள் கேட்டோம். அவர் அதற்கும் பதில் வைத்திருந்தார்.

வகுப்பு முடிகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு கண்காட்சி வைப்பதென்று முடிவானது. மக்காவுக்கு மக்கள் எப்படியெல்லாம் போனார்கள் என்று நாங்கள்தான் ஊருக்குச் சொல்ல வேண்டும். நடையும் ஒட்டகமும் ஒரு குழு, கப்பல் ஒரு குழு, விமானம் ஒரு குழு. சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். என் குழுவுக்காக நான் எடுத்த சீட்டில் கப்பல் என்று இருந்தது. ஹால் முழுக்கக் களுக்கென்று சிரித்தது. விமானக் குழுவுக்குத் தலைவி ஒரு எக்ஸ்போர்ட்டர் மகள். அவள் பின்னலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டாள்.

“ஏனுங் ஆலிமா, இவங்க ஊட்டுக் கப்பலு பம்பாயோட நின்னுருமுங்களா?”

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன். எங்கள் கப்பல் மக்கா வரைக்கும் போகும். ஊரே அதைப் பார்க்கும். அதற்குப் பிறகு ஒருத்தியாவது பம்பாய் ஹாஜி என்று சொல்லிச் சிரிக்கட்டும், பார்த்துக்கொள்கிறேன்.

என் படைக்குத் தளபதி மாமா. அம்மாவின் தம்பி, ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். மேஜையில் துணியை விரித்து அளவு போட்டால் கைக்குட்டை அளவுகூட மிஞ்சாது என்று அவருக்குப் பெயர். எக்ஸ்போர்ட்டர் வீட்டில் கடையில் சொல்லித் தெர்மாக்கோல் விமானம் செய்கிறார்கள், சீரியல் லைட்டெல்லாம் போடுகிறார்கள் என்று நான் மூக்கைச் சிந்தியதும் மாமா ஒரே வார்த்தையில் முடித்தார்.

“அவங்க ஏரோப்ளேன் தான கண்ணு செய்யறாங்க. நாம கடலையே கொண்டாந்தர்லாம்.”

கொண்டுவந்துவிட்டார். கலர் சரியில்லை என்று சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர் தள்ளிவிட்ட நீலத் துணி ஒரு ரோல் கம்பெனியில் கிடந்தது. முதலாளியிடம் கேட்டு வாங்கி, சனிக்கிழமை சாயங்காலம் கட்டிங் மேஜையில் நீளமாக விரித்து, ஓரமெல்லாம் கிளிப் போட்டு இழுத்து நிறுத்தினார். பிரிண்டிங் பட்டறையிலிருந்து மிச்சப் பெயிண்டும் வந்தது. வலது கோடியில் திருப்பூர். நடுவில் பம்பாய், பிறகு கடல், அதில் ஒரு கப்பல். இடது கோடியில் ஜித்தா, அதையும் தாண்டி மக்கா. பூகோளம் கொஞ்சம் கோணல்தான். ஆனால் என்ன கடல்! வெள்ளைக்காரனுக்கு ஆகாத நீலம் அரபிக்கடலுக்கு அப்படிப் பொருந்தியது.

வரைந்துகொண்டே மாமாவுக்கு நான் பாடம் எடுத்தேன். கப்பல் யலம்லம் என்ற இடத்துக்கு நேராக வந்ததும் சங்கு ஊதுவார்கள், ஆண்களெல்லாம் தையல் போடாத இரண்டு துண்டுத் துணியைக் கட்டிக்கொள்வார்கள் என்றேன். மாமா பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். “அப்ப நம்மூருக்காரன் தையலில்லாத துணி கட்டற ஒரே எடம் அதுதானாட்ட இருக்குது” என்றார்.

அந்தச் சிரிப்பெல்லாம் ஞாயிறு காலை வரைக்கும்தான். துணியைச் சுருட்டி மொபெட்டின் முன்னால் வைத்துக் கொண்டுபோய், ஹாலின் சுவரில் மேலே ஆணியடித்து விரித்துக் கட்டினோம். கட்டிவிட்டு நகர்ந்து நின்று பார்த்தோம். பனியன் துணியின் குணம் திருப்பூரில் எல்கேஜி பிள்ளைக்கும் தெரியும். வெட்டின ஓரம் சும்மா இருக்காது, பாய் மாதிரி சுருண்டுகொள்ளும். அதனால்தான் ஓரம் விட்டு, மடித்துத் தைப்பது. மாமாவுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் துணியை வீணாக்கக் கூடாது என்று முப்பொழுதும் பழகிய கை, திருப்பூரை இந்த ஓரத்தை ஒட்டியும் மக்காவை அந்த ஓரத்தை ஒட்டியும் வரைந்து வைத்திருந்தது. கிளிப் இருந்தவரை தெரியவில்லை. இப்போது வலது கோடி சுருண்டு திருப்பூர் உள்ளே போய்விட்டது. இடது கோடி சுருண்டு மக்கா மறைந்தது, ஜித்தாவும் பாதி மறைந்தது. நடுவில் பளிச்சென்று, அட்சரம் பிசகாமல், பம்பாய் மட்டும் தெரிந்தது.

எக்ஸ்போர்ட்டர் மகள் வந்து பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு போனாள். அது சீட்டுக் குலுக்கின அன்றைக்குச் சொன்னதைவிட மோசம்.

மாமா நெற்றியில் அடித்துக்கொண்டார். மடித்துத் தைக்கலாமென்றால் கரண்ட் இல்லை. கார்ட்டன் பெட்டி ஒட்டுகிற டேப்பை ஒட்டினால் ஓரத்தில் இன்னும் சரியாகக் காயாத பெயிண்டில் வழுக்கிக்கொண்டு வந்தது. ஊக்கு கொண்டுவரலாம் என்று நான் வீட்டுக்கு ஓடினேன். ஓடுகிறபோதே அழுகை ஆரம்பித்துவிட்டது. தாத்தா வாசலில் நாற்காலி போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். கண்காட்சி விஷயத்தை அவரிடம் வீட்டில் யாரும் மூச்சுவிடவில்லை. இருந்தும் எப்படியோ காதில் விழுந்திருக்க வேண்டும், அன்றைக்கும் ரேஷன் கடைக்குப் போகிற உத்தேசத்தில்தான் பை மடியில் கிடந்தது, ஞாயிற்றுக்கிழமை ரேஷன் கடை இல்லை என்று தெரிந்தும்.

“ஏங் கண்ணு அழுவறே?” என்றார்.

என்ன சொல்ல வேண்டும், எதை மறைக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு மறந்துபோனது. “மக்கா சுருண்டு போச்சுங்க தாத்தா. திருப்பூரும் போச்சுங்க. பம்பாய் மட்டுந்தானுங்க தெரியுது” என்று விக்கினேன்.

தாத்தா டீயைக் கீழே வைத்தார். பிறகு உள்ளே போய், பெருநாளைக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். “வா போலாம்” என்றார்.

ஹாலுக்குள் வந்ததும் சுவரை ஒருமுறை பார்த்தார். “இதைத் தொங்க உட்டா நிக்காதப்பா. கீழ விரிங்க” என்று மாமாவிடம் சொன்னார். ஆணியைப் பிடுங்கித் தரையில் விரித்தோம். எங்கள் குழுப் பிள்ளைகளில் பாதிப் பேர் திருப்பூர் ஓரத்தில் வரிசையாகக் காலை வைத்து நின்றார்கள். திருப்பூர் விரிந்து கொடுத்தது. மிச்சப் பேர் மறுகோடிக்கு ஓடினோம். ஓடிய வேகத்தில் நின்றுவிட்டோம். மக்கா வரைந்த இடத்தில் யார் காலை வைப்பது? மாமா கட்டிங் டேபிளில் வைக்கிற இரும்புக் கட்டைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஆலிமா தடுத்துவிட்டார்.

“வேண்டாம் அண்ணே. பிள்ளேள் வரைஞ்சதுதான், இருந்தாலும் காலும் படாண்டாம், இரும்பும் வைக்காண்டாம்.”

எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும்போது தாத்தா செருப்பில்லாத காலோடு துணியைச் சுற்றிக்கொண்டு அந்தக் கோடிக்குப் போனார். மூட்டுவலிக்காரர். சுவரைப் பிடித்து மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். சுருண்டு கிடந்த துணியை இரண்டு கையாலும் பதமாக விரித்து, உள்ளங்கை இரண்டையும் ஓரத்தில் அழுத்தி வைத்துக்கொண்டார். ஜித்தா வெளியே வந்தது. அதன் பின்னால் மக்கா வந்தது. எனக்கு ஓவென்று கத்த வேண்டும் போலிருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை நான் இன்றைக்கும் யாரிடம் சொன்னாலும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வேன், ஆனால் இது கூட்டாதது. சுவரில் தொங்கியிருந்தால் வருகிறவர்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள். தரையில் கிடந்ததால் நடந்து பார்க்க ஆசைப்பட்டார்கள். ஆலிமாவும் உடனே ஏற்பாடு செய்துவிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு, கால் கழுவித் துடைத்துவிட்டு, திருப்பூரில் ஏறி ஜித்தா வரைக்கும் நடக்கலாம். ஜித்தாவில் நின்றுவிட வேண்டும். கூடவே நான் நடந்து கதை சொல்வேன். காற்றுக்காகக் காத்திருந்த பாய்மரம், கஃபன் துணி, ஆவியில் வெந்த சட்டை, எல்லாம் கடகடவென்று வந்தது. சின்னப் பிள்ளைகள் பம்பாய் தாண்டியதும் கப்பல் ஆடுகிறது என்று தாங்களாகவே ஆடிக்கொண்டு நடந்தார்கள். ஒருத்தி வாந்தியே எடுத்துக் காட்டினாள். வடநாட்டிலிருந்து வந்து கம்பெனியில் வேலை செய்கிற இரண்டு பேர் தொழுகைக்கு வந்தவர்கள், பம்பாயைப் பார்த்ததும் சந்தோஷமாகி, ஹிந்தியில் என்னவோ சொல்லிக்கொண்டே மூன்று முறை கடலைக் கடந்தார்கள். விமானத்தின் சீரியல் லைட் கரண்ட் இல்லாமல் எரியவில்லை. எக்ஸ்போர்ட்டர் மகளும் ஒரு மூலையில் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றாள். அதைப் பார்த்து எனக்குப் பரம திருப்தி.

பம்பாய் வந்ததும் கப்பல் கிளம்புகிற சங்கு ஊதுவது என் வேலை. வாயைக் குவித்து ‘பூம் பூம்’ என்று ஊதினேன். ஆட்டோ ஹாரன் மாதிரி இருந்ததாக மாமா சொன்னார். துணியைப் பிடித்தபடியே தாத்தா தலையை நிமிர்த்தினார்.

“அப்பிடியில்ல கண்ணு. அது வேற மாதர.”

சொல்லிவிட்டு அவரே ஊதினார். அடிவயிற்றிலிருந்து, தாழ்வாக, நீளமாக ஒரு சத்தம். முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது மறுபடியும் ஒன்று, அதைவிட நீளமாக. ஹாலில் ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகளெல்லாம் நின்றுவிட்டார்கள். எங்கள் தாத்தாவுக்கு இப்படி ஒரு மிமிக்ரி வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது. இன்னொரு தடவை ஊதச் சொன்னேன், எல்லோரும் கேட்டார்கள். ஒவ்வொரு கூட்டம் பம்பாயை வந்தடையும்போதும் அவர் சளைக்காமல் ஊதினார். பிள்ளைகள் அவரைச் சுற்றிக் குந்திக்கொண்டு கேள்வி கேட்டார்கள். பம்பாயில் எங்கே தங்கினீங்க, என்ன சாப்பிட்டீங்க, கப்பல் எவ்வளவு உயரம். ஹஜ் பயணிகள் தங்குகிற முசாஃபிர்கானாவின் நெரிசலையும், தகரப் பெட்டியைத் தலைக்கு வைத்துப் படுத்ததையும், கரையிலிருந்து பார்த்தால் கப்பல் நாலு மாடிக் கட்டடம் நகர்கிற மாதிரி இருந்ததையும் அவர் சொன்னார். வீட்டில் ஒரு நாளும் வராத பேச்சு அது.

மதியத்துக்கு மேல் எதிர்வீட்டுக் கவுண்டர் வந்தார். பாய் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வேகமாகப் போனாரே, என்ன விசேஷம் என்று பார்க்க வந்திருக்கிறார். அவரையும் கால் கழுவ வைத்துத் திருப்பூரில் ஏற்றினேன். கதையெல்லாம் கேட்டுக்கொண்டு நடந்தார். பம்பாயில் தாத்தா சங்கு ஊதியபோது அப்படியே நின்றுவிட்டார். அப்புறம் கடலைக் கடந்து ஜித்தாவுக்கு வந்து, தாத்தாவுக்கு எதிரே குந்தினார்.

“ஏனுங் பாய், அன்னைக்கு டேசன்ல நான் ஒரு வார்த்த சொல்லிப்போட்டனுங்க. வெளையாட்டுக்குச் சொன்னது. பொறுத்துக்கோணும்.”

தாத்தா துணியிலிருந்து கையை எடுக்காமலே சிரித்தார். “நாங் கெளம்பும்போது ஊரே என்னையப் பொறுத்துச்சுங்க. நான் பொறுக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி கெடந்துச்சு. அதும் இன்னைக்குத் தீந்துச்சுங்க.”

கவுண்டர் எழுந்திருக்கவில்லை. ஹஜ்ஜுக்குப் போய் வந்தவரிடம் கேட்பதைப் போல, “எங்கூட்டுக்கும் வேண்டிக்குங்க ஹாஜியாரே” என்றார். ஹாஜியாருக்கு முன்னால் இந்தத் தடவை பம்பாய் இல்லை. ஆலிமா அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். நிய்யத் வைத்து, அதாவது போயே தீருவதென்று மனதில் உறுதி வைத்து, வீட்டை விட்டுக் கிளம்பியவருக்கு அந்த நிய்யத்தின் கூலி அல்லாவிடம் வீண் போகாது என்று பிள்ளைகளிடம் சொன்னார். அவ்வளவுதான், பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். ஜித்தாவுக்கு வந்த ஒவ்வொருத்தியும் தாத்தாவுக்கு ஸலாம் சொல்லி, எனக்காக துஆ செய்யுங்க என்று கேட்டுவிட்டுத்தான் இறங்கினாள். ஒருத்தி பரீட்சைக்குக் கேட்டாள், ஒருத்தி சைக்கிளுக்குக் கேட்டாள். கடைசியில் எக்ஸ்போர்ட்டர் மகளும் பின்னலைப் பின்னால் தள்ளிவிட்டுக்கொண்டு வந்து நின்றாள். அவள் கேட்டது என் காதில் விழவில்லை. ஆனால் அவள் கேட்டாள், நான் பார்த்தேன், அது போதும்.

முதல் பரிசு எங்களுக்கு. ஆளுக்கொரு டிபன் பாக்ஸ். அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் ஹாலைச் சுற்றி ஓடியதை அம்மா இன்றும் சொல்லிக் காட்டுவாள். எங்கள் வீட்டின் பெயர் ஒன்றும் மாறிவிடவில்லை. இப்போதும் கூரியர்காரர் பம்பாய் ஹாஜி வீடு என்றுதான் கேட்டுக்கொண்டு வருகிறார். ஆனால் அதைச் சொல்லி அதற்குப் பிறகு யாரும் சிரித்து நான் பார்த்ததில்லை. நானே யாருக்காவது வழி சொன்னால் அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்வேன்.

அன்று கூட்டம் கலைந்தபோது, சாயங்கால அஸர் தொழுகைக்கு பாங்கு சொல்ல இன்னும் நேரமிருந்தது. பெயிண்ட் மதியமே காய்ந்துவிட்டதால் மாமா எப்போதோ ஓரம் முழுக்க டேப் ஒட்டியிருந்தார். திருப்பூர்ப் பக்கம் காலை வைத்திருந்தவர்கள் இறங்கி விளையாடப் போய்விட்டார்கள், துணி அசையாமல் கிடந்தது. தாத்தா மட்டும் அதே இடத்தில், அதே மாதிரி இரண்டு உள்ளங்கையையும் மக்காவின் ஓரத்தில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

“டேப் ஒட்டியாச்சுங்க தாத்தா. இனிச் சுருளாதுங்க. கைய எடுத்துருங்க” என்றேன்.

“இருக்கட்டுங் கண்ணு” என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது, தாத்தா மேல் அல்ல, மாமா மேல். நேராக அவரிடம் போய், நீங்கள் ஒட்டினதை தாத்தா நம்பவில்லை, இன்னொரு சுற்று ஒட்டுங்கள் என்றேன். மாமா என்னைப் பார்த்தார், தாத்தாவைப் பார்த்தார். டேப்பை எடுத்துக்கொண்டு போய், தாத்தாவின் விரல்களில் படாமல், மெதுவாக இன்னொரு சுற்று ஒட்டிக்கொண்டு வந்தார். அதற்கும் தாத்தா கையை எடுக்கவில்லை. நல்ல டேப்பாகப் பார்த்து வாங்கியிருக்கலாம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.